கம்பியைப் பிடித்து நிறுத்துவது எது?

கிட்டார் கற்கத் தொடங்கிய எல்லோருக்கும் சில வாரங்களிலேயே வந்துசேரும் கேள்வி ஒன்று உண்டு. மாலையில் ஆறு கம்பிகளையும் சரியாகச் சுருதி சேர்த்து வைத்துவிட்டுப் படுக்கிறோம். காலையில் எடுத்து மீட்டினால் இரண்டு கம்பியாவது இறங்கியிருக்கிறது. யாரும் தொடவில்லை, கீயை யாரும் திருப்பவில்லை. பிறகு எப்படி?

"கீ பிடிக்கலை, நல்ல கம்பெனி கீயா மாத்திடுங்க" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் அறிவுரை. கிட்டாரின் தலைப்பகுதியில் பக்கத்துக்கு மூன்றாக நிற்கும் அந்த முறுக்காணிகளைத்தான் கீ என்றும் ட்யூனிங் மெஷின் என்றும் சொல்கிறோம். கிரோவர், ஷாலர், கோட்டோ, க்ளூசன், வேவர்லி என்று அவற்றில் பல பெயர்கள் இருக்கின்றன. பெயர் இல்லாத ஒரு செட் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். உயர்ந்த ரகத்துக்குப் பல ஆயிரம் ஆகும். அவ்வளவு செலவு செய்து மாற்றிய பிறகும், மறுநாள் காலையில் அதே கம்பி இறங்கியிருப்பதைப் பார்த்துச் சோர்ந்துபோனவர்கள் நிறைய. கீ நல்லதுதான், பொருத்தியதும் சரிதான். அது செய்யாத குற்றத்துக்கு அதைத் தண்டித்தோம் என்பதுதான் சிக்கல். இது புரிய, கம்பியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு கம்பியின் சுருதியை மூன்று விஷயங்கள் முடிவுசெய்கின்றன: நீளம், கனம், இழுவிசை. பிரான்ஸைச் சேர்ந்த மரின் மெர்சேன் என்ற பாதிரியார் 1636இல் வெளியிட்ட தம் இசை நூலில் இவற்றின் உறவை விதிகளாக எழுதினார். அதிர்வுகளை எண்ண அன்று கருவி ஏது? மிக நீண்ட கம்பிகளைக் கட்டி, அவை கண்ணால் எண்ணக்கூடிய அளவுக்கு மெதுவாக ஆடும்படி செய்து, அங்கே கண்ட ஒழுங்கைக் குட்டைக் கம்பிகளுக்கும் நீட்டினார். அவர் கண்டவற்றில் நமக்கு வேண்டியது ஒன்று: கம்பியின் சுருதியை ஒரு முழு ஸ்தாயி உயர்த்த வேண்டுமானால் இழுவிசையை இரண்டு மடங்காக்கினால் போதாது, நான்கு மடங்காக்க வேண்டும். சிறிய மாற்றங்களுக்கு இதையே இப்படிச் சொல்லலாம்: இழுவிசை 2 சதவீதம் மாறினால் சுருதி 1 சதவீதம் மாறும்.

ஒரு சதவீதம் என்பது காதுக்கு எவ்வளவு? கிட்டாரில் ஒரு ஃப்ரெட் தள்ளி அழுத்தினால் அரைச் சுரம் உயர்கிறது. அந்த இடைவெளியை நூறு பங்காக்கினால் ஒரு பங்குக்கு ஒரு சென்ட் என்று பெயர். கைப்பேசியில் இருக்கும் ட்யூனர் செயலியின் முள் காட்டுவது இந்த சென்ட்டைத்தான். சுருதி 1 சதவீதம் இறங்கினால் சுமார் 17 சென்ட் இறங்கியது என்று பொருள். பழகிய காது தனி ஒலியில் 5 சென்ட் வேறுபாட்டையே கண்டுபிடித்துவிடும். இரண்டு கம்பிகளைச் சேர்த்து மீட்டினால் இன்னும் நுட்பமாகத் தெரியும், ஏனென்றால் சேராத இரண்டு ஒலிகள் கூடும்போது ஒலி ஏறி ஏறி இறங்கும் விம்மல்கள் காதில் விழும்.

இனி கம்பி எவ்வளவு நீள்கிறது என்று பார்ப்போம். சாதாரணமாகப் பூட்டும் மெல்லிய ரக ஸ்டீல் கம்பிகள் ஆறும் சேர்ந்து கிட்டாரின் கழுத்தை 70 கிலோவுக்கு மேற்பட்ட எடைக்குச் சமமாக இழுத்துக்கொண்டிருக்கின்றன. முதல் கம்பி, அதாவது எல்லாவற்றிலும் மெல்லியது, தன் பங்குக்கு ஏறக்குறைய பத்தரைக் கிலோ. இந்த இழுப்பில் அது தன் இயல்பான நீளத்தைவிடச் சுமார் 5 மில்லிமீட்டர் நீண்டு நிற்கிறது. நாம் கேட்கும் சுருதி முழுவதும் அந்த 5 மில்லிமீட்டரில்தான் அடங்கியிருக்கிறது. கணக்குப் போட்டால், ஒரு சென்ட் மாற அந்தக் கம்பி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் 6 பங்கு நீண்டாலோ சுருங்கினாலோ போதும்.

ஆறாம் கம்பியின் கதை இன்னும் வியப்பானது. தடித்த கம்பி என்பதால் அது முரட்டுத்தனமானது, எளிதில் கலையாது என்று தோன்றும். உண்மை நேர்மாறு. அதன் தடிமனில் பெரும்பகுதி மேலே சுற்றிய வெண்கலச் சுருள். அது கனத்தைக் கூட்டுகிறதே தவிர இழுப்பைத் தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே இருக்கும் எஃகு நரம்பு. அதுவோ முதல் கம்பியைப் போல மூன்று மடங்கு பரப்பு கொண்டது, சுமப்பதோ ஏறக்குறைய அதே எடை. ஆகவே அது 2 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நீள்கிறது. ஒரு சென்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டரைப் பங்குகூட வேண்டாம். ஆறு கம்பிகளில் தொட்டாற்சிணுங்கி இந்தத் தடியன்தான். சுருதி சேர்க்கும்போது ஆறாம் கம்பி குறியைத் தாண்டித் தாண்டிப் போவதற்குக் காரணம் உங்கள் கை அல்ல.

இவ்வளவு நுண்ணிய அசைவை விரலால் கட்டுப்படுத்தியாக வேண்டும். கட்டுப்படுத்திய பிறகு, பத்துப் பதினான்கு கிலோ இழுப்புக்கு எதிராக நாள் கணக்கில் பிடித்தும் நிற்க வேண்டும். மரப்பிரடைக்கு இந்த இரண்டும் சேர்ந்தே பெரும்பாடு. வீணையிலும் வயலினிலும் இருப்பது போன்ற மரப்பிரடை, துளையின் சுவரோடு உரசுவதால் மட்டுமே நிற்கிறது. இறுக்கிச் செருகினால் நிற்கும், ஆனால் நுட்பமாகத் திருப்ப முடியாது. தளர்த்தினால் திருப்பலாம், நிற்காது. வீணையின் அடிப்பகுதியில் லங்கர் என்ற நுண்சுருதிக் கம்பி வளையங்கள் இருப்பது இதனால்தான். இப்போது பல வீணைகளில் மரப்பிரடைக்குப் பதிலாகக் கிட்டார் கீயையே பொருத்திவிடுகிறார்கள்.

கிட்டார் கீ இந்த இரண்டு வேலைகளையும் பிரித்துவிட்டது. அதன் உள்ளே இருப்பவை இரண்டே உறுப்புகள். நாம் விரலால் திருப்பும் குமிழின் தண்டில் திருகாணியைப் போன்ற மரை வெட்டியிருக்கும். அதைப் புழுத்திருகு என்று அழைப்போம். அந்த மரை ஒரு சிறிய பற்சக்கரத்தின் பற்களுக்கு நடுவே ஓடுகிறது. கம்பி சுற்றும் தண்டு அந்தச் சக்கரத்தோடு இணைந்தது. குமிழை ஒரு முழுச் சுற்று திருப்பினால் சக்கரம் ஒரே ஒரு பல் நகரும். சக்கரத்தில் 14 பற்கள் இருந்தால், தண்டு ஒருமுறை சுழல நாம் 14 முறை திருப்ப வேண்டும். பெட்டியின் மேல் 14:1 என்றும் 18:1 என்றும் போட்டிருப்பது இதுதான்.

நாம் திருகைத் திருப்பினால் சக்கரம் சுழல்கிறது. ஆனால் சக்கரத்தை எவ்வளவு பலமாக இழுத்தாலும் திருகு சுழல்வதில்லை. ஏன்? லாரியில் அரிசி மூட்டை ஏற்றச் சாய்த்து வைக்கும் பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். பலகை செங்குத்தாக இருந்தால், தள்ளுகிறவர் கையை எடுத்ததும் மூட்டை சரிந்து கீழே வந்துவிடும். சாய்வைக் குறைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்துக்குப் பிறகு மூட்டை விட்ட இடத்திலேயே நிற்கும். அந்த இடத்தில் உராய்வு, கீழே இழுக்கும் எடையை வென்றுவிட்டது. புழுத்திருகின் மரை என்பது, தண்டைச் சுற்றிச் சுருட்டிய மிக மென்சாய்வான ஒரு பலகைதான். கம்பியின் இழுப்பு சக்கரத்தின் பல்லை அந்தச் சாய்வில் அழுத்துகிறது. சாய்வு சில டிகிரிதான் என்பதால் பல் சரிவதில்லை. இழுப்பை இரட்டிப்பாக்கினால் உராய்வும் இரட்டிப்பாகும், எனவே அப்போதும் சரியாது. இந்தப் பண்பைத் தற்பூட்டு எனலாம். தனியாகப் பூட்டோ தாழ்ப்பாளோ கிடையாது.

இதற்கு ஒரு விலை உண்டு. மூட்டை தானாக நிற்கிறதென்றால், அங்கே உராய்வு குறைந்தபட்சம் சரிவு விசைக்குச் சமம். அப்படியானால் மேலே தள்ளும்போது சரிவு விசையையும் வெல்ல வேண்டும், அதற்குக் குறையாத உராய்வையும் வெல்ல வேண்டும். ஆகவே நாம் செய்யும் வேலையில் பாதிக்கு மேல் வெப்பமாகப் போகிறது. பொறியியலில் பொதுவாக இதை வீண் என்று ஒதுக்குவார்கள். இங்கே அந்த வீணில்தான் இசை நிற்கிறது.

விலைச்சீட்டோடு இதைச் சேர்த்துப் பார்த்தால் முதல் முடிவு கிடைக்கிறது. தற்பூட்டு என்பது மரையின் சாய்வையும் உராய்வையும் மட்டுமே பொறுத்தது. பெயரில்லாத மலிவான கீயிலும், மிக உயர்ந்த கீயிலும் சாய்வு மென்மையானதுதான். பல் உடைந்தோ ஆணி கழன்றோ போகாதவரை, கம்பியைப் பிடித்து நிற்கும் வேலையில் இரண்டும் தோற்பதில்லை. குமிழின் நுனியில் ஒரு சிறு திருகாணி இருக்குமே, அதை இறுக்கினால் சுருதி நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். அது குமிழைத் திருப்பும்போது கைக்குத் தெரியும் கடினத்தை மட்டுமே மாற்றுகிறது.

இதை நம்ப வேண்டாம், சோதிக்கலாம். சுருதி இறங்குவதாகச் சந்தேகப்படும் கம்பியின் கீயில், கம்பி சுற்றிய தண்டின் உச்சியில் ஒரு விளக்குமாற்று ஈர்க்குச்சியை, தண்டிலிருந்து 15 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒட்டுங்கள். அதன் நுனிக்கு நேரே கிட்டார் தலையோடு சேர்த்து ஒரு காகிதத்தைப் பொருத்தி, நுனி இருக்கும் இடத்தைப் பேனாவால் குறியுங்கள். தண்டின் ஆரம் சுமார் 3 மில்லிமீட்டர், ஆகவே கம்பியின் நகர்வைவிட நுனியின் நகர்வு 50 மடங்கு. முதல் கம்பி 10 சென்ட் இறங்கும் அளவுக்குத் தண்டு பின்னால் சுழன்றிருந்தால் நுனி 3 மில்லிமீட்டர் விலகியிருக்கும். ஆறாம் கம்பி என்றால் 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அளவுகள்தான். காலையில் ட்யூனர் 10 சென்ட் இறக்கம் காட்டியும் ஈர்க்குச்சி குறியிலேயே நின்றால், கீ நிரபராதி.

அப்படியானால் குற்றவாளி யார்? நான் முதலில் கைகாட்டுவது நட்டை. கழுத்தும் தலையும் சந்திக்கும் இடத்தில், கம்பிகள் உட்கார்ந்து கடந்துபோகும் வெட்டுகள் கொண்ட எலும்பு அல்லது பிளாஸ்டிக் துண்டு அது. கம்பி அங்கே வளைந்து கீழிறங்கிக் கீக்குப் போகிறது. வளைகிற இடத்தில் உராய்வு இருக்கும். உராய்வு இருந்தால் இரண்டு பக்கத்து இழுவிசைகளும் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெறும் 2 சதவீத வேறுபாடு சிக்கிக்கொண்டாலே போதும். முன்பு பார்த்த கணக்குப்படி அது 17 சென்ட். சுருதி சேர்க்கும்போது 'டிங்' என்று சின்ன ஓசை கேட்டு முள் சட்டென்று தாவுகிறதா? சிக்கியிருந்த கம்பி வெட்டிலிருந்து விடுபட்ட ஓசை அது. பக்கத்துக்கு மூன்று கீ கொண்ட தலைகளில் நடுவிலுள்ள மூன்றாம், நான்காம் கம்பிகள்தாம் பக்கவாட்டில் அதிகம் வளைந்து செல்கின்றன. மூன்றாம் கம்பியைப் பற்றி எல்லோரும் குறைப்படுவதில் ஆச்சரியம் இல்லை.

இதையும் விரலாலேயே அறியலாம். சுருதி சேர்த்த பிறகு, நட்டுக்கும் கீக்கும் இடையிலுள்ள கம்பியை மெதுவாக அழுத்தி விடுங்கள். சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாமல் ஏறியே நின்றால், நட்டில் கம்பி சிக்குகிறது. வெட்டைக் கம்பியின் தடிமனுக்கு ஏற்பச் சரியாக ராவுவதும், பென்சில் கரியைக் கொஞ்சம் தேய்ப்பதும் இதற்கு மருந்து. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றியே சுருதி சேர்க்கச் சொல்வதும் பெரும்பாலும் இந்தச் சிக்கலுக்காகத்தான். கம்பியைத் தளர்த்தி இறக்கிச் சுருதி சேர்த்தால், நட்டுக்கு அப்பால் இழுவிசை குறைவாக நிற்கிறது. நாலு தடவை மீட்டியதும் கம்பி அந்தப் பக்கம் நழுவாமல் இந்தப் பக்கம் நழுவி, சுருதி மேலும் இறங்குகிறது. பற்களுக்கிடையே உள்ள தொய்வுதான் காரணம் என்று பலரும் விளக்குவார்கள். ஆனால் கம்பி முறுக்கேறி இருக்கும்வரை அதன் இழுப்பு சக்கரத்தின் பல்லை எப்போதும் மரையின் ஒரே முகத்தில்தான் அழுத்திக்கொண்டிருக்கிறது. தொய்வு வேலைகாட்ட இடமே கிடைப்பதில்லை.

அடுத்தவர், கம்பியைச் சுற்றிய விதம். தண்டைச் சுற்றிய ஒரு கயிறு ஒவ்வொரு சுற்றுக்கும் இழுவிசையைப் பன்மடங்கு குறைக்கும் என்பதை லியோனார்ட் ஆய்லர் 18ஆம் நூற்றாண்டிலேயே கணக்கிட்டுக் காட்டினார். சாதாரண உலோக உராய்வுக்கு ஒரு சுற்று இழுப்பைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்துவிடும், மூன்று சுற்றுக்குப் பின் பத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஆகவே ஒழுங்காகப் படிந்த இரண்டு மூன்று சுற்றுகள் போதும். ஏழெட்டுச் சுற்று, அதுவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தால், அவை நாள்கணக்கில் மெல்ல மெல்ல இறுகிக்கொண்டே இருக்கும். தண்டு அசையாமலேயே சுருதி இறங்கும். லாக்கிங் கீ என்று விற்பவை கம்பியைத் துளையிலேயே கவ்வி, இந்தச் சுற்றுகளை ஏறக்குறைய இல்லாமல் செய்கின்றன. அவை பூட்டுவது பற்சக்கரத்தை அல்ல.

மூன்றாவது, வெப்பம். எஃகு சூடானால் நீள்கிறது. கழுத்து மரமும் நீளும், ஆனால் குறைவாக. ஏசி அறையிலிருந்து 10 டிகிரி கூடுதல் வெப்பமுள்ள மேடைக்குப் போனால், கம்பியும் மரமும் சேர்ந்து சூடேறிய நிலையில் என் கணக்கில் முதல் கம்பி சுமார் 10 சென்ட்டும், தொட்டாற்சிணுங்கி ஆறாம் கம்பி 25 சென்ட்டை ஒட்டியும் இறங்கும். கம்பி மெல்லியது, மரத்துக்கு முன்பே சூடேறிவிடும், ஆகவே தொடக்கத்தில் இறக்கம் இன்னும் கூடுதல். உலகின் எந்தக் கீயும் இதைத் தடுக்க முடியாது.

பிறகு ஏன் நல்ல கீக்குப் பணம் கொடுக்க வேண்டும்? கொடுக்கத்தான் வேண்டும் என்பது என் எண்ணம். பிடித்து நிறுத்துவதற்காக அல்ல, நகர்த்துவதற்காக. தண்டின் சுற்றளவு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர். 14:1 கீயில் குமிழின் ஒரு சுற்று கம்பியைச் சுமார் 1.4 மில்லிமீட்டர் இழுக்கிறது, 21:1 கீயில் 0.9. ஆறாம் கம்பியில் 5 சென்ட் ஏற்ற வேண்டுமானால் முதலாவதில் குமிழை 3 டிகிரிதான் திருப்ப வேண்டும், இரண்டாவதில் 5 டிகிரியை ஒட்டி. அந்த 3 டிகிரியை விரல் செய்துவிடும், கீ ஒத்துழைத்தால். மலிவான கீ ஒத்துழைப்பதில்லை. அதன் மரையும் பல்லும் கரடாக இருக்கும், நின்றுகொண்டிருக்கும்போது உள்ள உராய்வு நகரத் தொடங்கியதும் திடீரென்று குறையும், ஆகவே குமிழ் முரண்டு பிடித்துவிட்டுச் சட்டென்று 10 டிகிரி தாவும். சக்கரம் துல்லியமான வட்டமாக இல்லாவிட்டால் ஓரிடத்தில் இறுகலாகவும் இன்னோரிடத்தில் தளர்வாகவும் திரும்பும். நல்ல கீயில் நாம் வாங்குவது, விரலுக்குக் கட்டுப்படும் மிகச் சிறிய அசைவை. கடையில் சோதிக்க எளிய வழி: கம்பி முறுக்கேறிய நிலையில் ட்யூனரைப் பார்த்துக்கொண்டே முள்ளை 2 சென்ட் மட்டும் ஏற்றிப் பாருங்கள். முடிந்தால் அது நல்ல கீ, பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும்.

பெயர்களுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. வியன்னாவில் யோஹான் கியோர்க் ஷ்டாவ்ஃபர் என்ற கிட்டார் கைவினைஞர் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பற்சக்கரக் கீகளைப் பயன்படுத்தினார். அவரிடம் தொழில் பழகிய சி. எஃப். மார்ட்டின் 1833இல் நியூயார்க்கில் கடை திறந்தார். இன்றைய மார்ட்டின் கிட்டார்களின் மூலம் அதுதான். சிகாகோவில் 1925இல் தொடங்கிய க்ளூசன், தகட்டை அழுத்தி வளைத்த எளிய கூட்டுக்குள் சக்கரத்தை வைத்தது. அதன் பழைய பிளாஸ்டிக் குமிழ்கள் காலப்போக்கில் சுருங்கி நொறுங்குவது பழைய கிட்டார் வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த துயரம். 1945இல் நியூரம்பர்க் அருகே தொடங்கிய ஜெர்மனியின் ஷாலர், 1960களில் முற்றிலும் மூடிய கூட்டுக்குள் மசகோடு அடைத்த எம்6 கீயைக் கொண்டுவந்தது. அமெரிக்காவின் கிரோவர் ரோட்டோமேட்டிக்கும் அதே மூடிய இனம்தான், 14:1இலும் 18:1இலும் கிடைக்கிறது. ஜப்பானின் கோட்டோ 510 வரிசை 18:1, 21:1. என் கைக்கு அதன் நழுவல் மிகச் சீரானது. அமெரிக்காவின் மொண்டானாவில் செய்யப்படும் வேவர்லி 16:1, பழைய பாணித் திறந்த பற்சக்கரம், ஆனால் மிக நுட்பமாகக் கடைந்தது. அதன் விலையில் அழகுக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அதில் தவறில்லை.

இவர்களில் இயற்பியலுக்கு அதிகம் செவிகொடுத்தது கனடாவின் கிராஃப் டெக் என்பேன். அதன் ரேஷியோ கீகளில் ஆறு கம்பிக்கும் ஒரே விகிதம் கிடையாது. தொட்டாற்சிணுங்கியான ஆறாம் கம்பிக்கு 39:1 கொடுத்து, நிறைய நீளும் கம்பிகளுக்கு 12:1 வரை குறைத்திருக்கிறார்கள். எந்தக் கீயைத் திருப்பினாலும் ஒரே அளவு திருப்பத்துக்கு ஏறக்குறைய ஒரே அளவு சுருதி மாற வேண்டும் என்பது நோக்கம். இதன் மறுபக்கம், புதுக் கம்பி மாட்டும் நாளில் ஆறாம் கீயைத் திருப்பித் திருப்பிக் கை வலிக்கும்.

கடலோர ஊர்களில் இருப்பவர்கள் மூடிய கீயை எடுப்பது நல்லது. உப்புக்காற்றும் தூசியும் திறந்த பற்களில் படிந்தால் அந்த வழவழப்பு சீக்கிரம் போய்விடும். திறந்த கீதான் வேண்டும் என்றால், அவ்வப்போது துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடும் பழக்கமும் வேண்டும். மூடிய கீக்குக் கனம் அதிகம், அதனால் கிட்டாரின் தலை சற்றுப் பாரமாகும், கழுத்தின் இயல்பான அதிர்வெண்ணும் கொஞ்சம் கீழே நகரும். வாங்குவதற்கு முன் பழைய கீயில் ஒன்றைக் கழற்றித் தலையிலுள்ள துளையை அளந்துகொள்ளுங்கள். மூடிய கீகளுக்கு 10 மில்லிமீட்டர் துளை வேண்டும், பழைய பாணிக் கீகளின் வளையம் 9 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவான துளையில் உட்காரும். பெரிய துளையில் சிறிய கீயைப் பொருத்த மாற்று வளையம் கிடைக்கும். சிறிய துளையைப் பெரிதாக்குவது என்றால் கிட்டார் செய்பவரிடமே கொடுத்துவிடுங்கள். தலையின் மரம் விரிசல் விட்டால் எந்தக் கீயாலும் ஈடுசெய்ய முடியாது.